சொன்ன நாளில் தைப்பவள்

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனபோது, செர்வாவின் தையல் எந்திரத்து ஊசி கறுப்புத் துணிக்குள் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

சுவிட்சை இரண்டு முறை தட்டினாள். எந்திரத்தை ஒரு முறை தட்டினாள். பிறகு தெருவை எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சலூனில் பாதி முடி வெட்டிய ஒருவர் அதே மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாசி நகரத்தின் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு.

"வந்துரும், வந்துரும்," என்று பக்கத்துக் கடையிலிருந்து மேடம் ஹெலினா குரல் கொடுத்தார். "உனக்கு எதுக்கு இந்தப் பதட்டம்? துணி எப்போ வேணுமாம்?"

"சனிக்கிழமை காலையில மேடம். பதினாலு ஜோடி."

"சனிக்கிழமைன்னு ஒத்துக்கிட்டே சரி. எந்தச் சனிக்கிழமைன்னு சொன்னியா?"

"இந்தச் சனிக்கிழமைதான்."

"அடப் பாவமே," என்றார் மேடம் ஹெலினா. நோய் வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். இருபது வருஷமாகத் தைப்பவர் அவர். ஈஸ்டருக்கு வாங்கிய துணியைக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தே பெயர் வாங்கியவர்.

செர்வாவின் பதட்டத்துக்குக் காரணம் இருந்தது. கையில் தொழில் இல்லாத இளவட்டங்களுக்குக் கடன் கொடுத்துத் தொழில் படிக்க வைக்கும் நிதி ஒன்று அந்த ஊரில் உண்டு. படிப்புக்கும் பணம், முடித்ததும் எந்திரம் வாங்கவும் பணம். சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டும்; அந்தப் பணத்தில்தான் வரிசையில் நிற்கும் அடுத்த ஆள் படிக்க முடியும். செர்வாவுக்கு முன்னால் கடன் வாங்கிய புண்ணியவதி தவணையை ஜவ்வாக இழுத்தாள். அதனால் செர்வா ஒரு வருஷம் முழுக்க லாரி நிலையத்தில் தண்ணீர்ப் பாக்கெட் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். அந்த வெயிலில் அவள் ஒரு முடிவு எடுத்தாள். என்னால் இன்னொருத்தி இப்படி நிற்கக் கூடாது.

முடிவு நல்ல முடிவுதான். வாடிக்கைதான் வரவில்லை. முதலில் ஒரு நர்ஸம்மா கவுன் தைக்கக் கொடுத்தார். சொன்ன நாளில், சொன்ன மணிக்கு செர்வா அதை மடித்து நீட்டினாள். நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"நிஜமாவா? உனக்கு வேற வேலையே இல்லையா?"

கவுனை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். திரும்பி வரவேயில்லை. சொன்ன நாளில் கொடுக்கும் தையல்காரிக்கு வாடிக்கையே இல்லை போலிருக்கிறது என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவி, நிஜமாகவே வாடிக்கை இல்லாமல் போனது.

கடன் நிதியிலிருந்து திரு. அன்சா வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "திங்கட்கிழமை முதல் தவணை செர்வா. கட்டலைன்னா எந்திரத்தை அடுத்த பொண்ணுக்குத் தூக்கிக் குடுக்கிறதுதான் விதி. அந்தப் பொண்ணும் காத்துக்கிட்டு இருக்கா, பாவம்."

"கட்டிருவேன் சார்," என்றாள். எதை வைத்து என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்றேனே.

மறுநாளே பெக்வாய் என்ற ஊரிலிருந்து அபிராஃபி அத்தை ஒரு மூட்டை கறுப்பு சிவப்புத் துணியோடு வந்து இறங்கினார். குடும்பத்துப் பெண்கள் பதினாலு பேருக்கும் ரவிக்கையும் நீளப் பாவாடையும் வேண்டுமாம்.

"எங்க பெரியப்பா நிமாக்கோ சாவுக்கு," என்றார்.

"ஐயோ! என்ன ஆச்சு அத்தை?"

"என்னத்த ஆகும், வயசுதான். கையில பஃப் வேணும். எனக்கு மட்டும் கொஞ்சம் பெருசா வை. சனிக்கிழமை காலையில துணி வீட்டுல இருக்கணும். கொண்டுவந்து குடுத்ததும் முழுக் கூலியும் கையில வாங்கிக்கோ."

அந்தக் கூலியில் முதல் தவணையைக் கட்டிவிட்டு மூச்சும் விடலாம். செர்வா மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து விடாமல் தைத்து, வியாழக்கிழமை மத்தியானம் பாதிக் கிணறு தாண்டியிருந்தபோதுதான் கரண்ட் போனது.

அவள் எந்திரம் மோட்டாரில் ஓடுவது. மேடம் ஹெலினாவிடம் காலால் மிதிக்கும் பழைய எந்திரம் ஒன்று இருந்தது. செர்வா மூட்டையோடு போய் நின்றாள்.

"மேடம், ரெண்டு நாளைக்கு உங்க மிதி எந்திரத்தைக் குடுங்க."

"எடுத்துக்கோ, அதுக்கென்ன," என்றார் மேடம், செர்வா எதிர்பார்க்காத தாராளத்தோடு. "இங்கயே உக்காந்து தை. யாராச்சும் வந்து கேட்டா மட்டும், மேடம் வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டு, துணி மாற்றும் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

செர்வா ஒரு பாவாடையை முடிப்பதற்குள் டயர் பஞ்சர் ஒட்டும் பாஃபோ வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"எங்க அந்தம்மா?"

"வெளியூர் போயிருக்காங்க."

"போன வாரமும் வெளியூரு. அதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி. அதுக்கு முந்தி அவங்க சித்தி செத்துட்டாங்க. அந்தச் சித்தி நேத்து எங்கிட்ட டயர் மாத்திட்டுப் போறாங்க!" பாஃபோ மேசையை ஓங்கித் தட்டினான். "சனிக்கிழமை நான் பொண்ணு கேட்டுக் கதவைத் தட்டப் போறேன். சட்டை இல்லாமலா தட்டுறது?"

"எனக்குத் தெரியாது அண்ணே, நான் பக்கத்துக் கடை."

"பக்கத்துக் கடைக்காரி இங்க உக்காந்து தெப்பாளா? யாருகிட்ட கதை விடுறே? என் சட்டை வர்ற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

செர்வா எழுந்திருப்பதற்குள் சாவுத் துணி மூட்டை அவன் தோளில் ஏறி, தெருவைத் தாண்டி, டயர் அடுக்குக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வேர்க்கடலை உரிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"மேடம்! அவன் சட்டை எங்க?"

"அலமாரியில மூணாவது தட்டு," என்றது திரை. "இன்னும் வெட்டலை."

அழுவதா தைப்பதா என்று செர்வா ஒரு கணம் யோசித்தாள். தைப்பது சீக்கிரம் முடியும் என்று தோன்றியது. துணியை வெட்டி, காலரை வைத்து, பித்தானையும் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை பாஃபோவின் முன்னால் நீட்டினாள். அவன் போட்டுப் பார்த்தான். லாரிக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டான்.

"இந்தா உன் மூட்டை. தங்கச்சி, நீ மனுஷியே இல்ல!" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

சொன்னவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஹெலினா மேடம் கடையில் இன்றைக்குத் துணி கொடுக்கிறார்கள் என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். செர்வா திரும்பி வந்து மிதி எந்திரத்தில் நூல் கோப்பதற்குள் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. போன வருஷத்துப் பள்ளிச் சீருடை கேட்டு ஒரு அம்மா வந்திருந்தார். பையன் அதற்குள் பள்ளியையே முடித்துவிட்டானாம், துணியாவது வேண்டுமாம். ஞானஸ்நானக் கவுன் கேட்டு வந்தவர், அந்தக் குழந்தையை நடக்க வைத்தே கூட்டி வந்திருந்தார்.

"வரிசையில வாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"என் துணியைக் குடு!"

"எனக்கு முதல்ல!"

செர்வா எழுந்தாள். அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் சுருக்கமாக வரும். நேராகப் போய்த் திரையைச் சர்ரென்று இழுத்தாள். மடி நிறைய வேர்க்கடலைத் தோலோடு மேடம் ஹெலினா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஊருல இருந்து வந்துட்டாங்க," என்றாள் செர்வா.

நியாயமான காரியம்தான். ஆனால் கூட்டம் மேடத்தைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் மிதி எந்திரத்தில் உட்கார வைத்துவிட்டது. எல்லாத் துணியும் முடிகிற வரை எழுந்திருக்க விடுவதில்லை என்று சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தக் கடையில் இருந்த ஒரே எந்திரம் அதுதான்.

"நல்லா இருப்படி நீ!" என்றார் மேடம், வாழ்த்தாக அல்ல.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஓவென்று ஒரு சத்தம் கிளம்பியது. கரண்ட் வந்துவிட்டது. சலூன்காரர் வெளியே வந்து ஆடினார். செர்வா மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்கு ஓடி, சுவிட்சைப் போட்டு, கால் விசையை அழுத்தினாள். எந்திரம் ஒரு தடவை உறுமியது. பிறகு மோட்டாரிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. வந்த கரண்ட் கொஞ்ச நஞ்சமாக வரவில்லை. இரண்டு நாள் கரண்டும் சேர்ந்து வந்தது போலிருக்கிறது.

செர்வா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்திரம் இன்னும் அவளுடையதுகூட இல்லை. கடனில் இருக்கும் எந்திரத்தை எரித்துவிட்டு, அதற்கே தவணை கட்டப் போவதையும், அதுவும் கட்ட முடியாமல் போவதையும் நினைத்துப் பார்த்தாள். தலையில் தண்ணீர்த் தட்டோடு அந்த அடுத்த பெண் எங்கேயோ நின்றுகொண்டிருப்பாள். இந்த எரிந்த எந்திரத்தையா அவளுக்குக் கொடுப்பது?

பிறகு எழுந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, கருகிய மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றினாள். எந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஊசி இறங்கி ஏறியது. மறுபடி சுற்றினாள். ஒரு தையல் விழுந்தது.

"சரி," என்று எந்திரத்திடம் சொன்னாள். "மோட்டாருதானே போச்சு. கை இருக்கே."

வலது கையால் சக்கரம், இடது கையால் துணி. மேடம் ஹெலினாவின் கடையில் கூட்டம் குறைந்து, சலூன் மூடி, தெரு வெறிச்சோடிய பிறகும் அந்தச் சக்கரம் நிற்கவில்லை. அபிராஃபி அத்தையின் பெரிய பஃப் கையைத்தான் கடைசியாக முடித்தாள். கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பெக்வாய் போகும் வேன் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது. ஏறியவர்களில் பாதிப் பேர் கறுப்பும் சிவப்பும் உடுத்தியிருந்தார்கள். சனிக்கிழமை என்றால் அந்தப் பக்கம் அப்படித்தான். யாருக்காவது அடக்கம் இல்லாத ஊர் கிடையாது. செர்வா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய வலது கையை இடது கையால் அமுக்கிவிட்டபடியே போனாள்.

நீல கேட் வீடு, ரொட்டிக்காரம்மா வீட்டுக்கு எதிரே என்று அபிராஃபி அத்தை வழி சொல்லித்தான் இருந்தார். ஆனால் சாவு வீட்டுக்கு யாராவது வழி கேட்பார்களா? வேனை விட்டு இறங்கியதும் ஒலிபெருக்கிச் சத்தம் காதைப் பிளந்தது. செர்வா அந்தப் பக்கமே நடந்தாள்.

பந்தல், நாற்காலிகள், வரிசை வரிசையாகக் கறுப்புச் சிவப்பு. "அபிராஃபி அத்தை எங்க?" என்று வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்கப் போனாள்.

"முதல்ல கை குடுங்க அக்கா," என்றாள் அந்தப் பெண், முகம் சுளித்து.

அதுவும் சரிதான். அங்கே வலது கோடியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். செர்வாவின் வீங்கிய கையை ஒவ்வொருவரும் ஆழ்ந்த துக்கத்தோடு குலுக்கினார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்து போனார்கள். கை கொடுப்பதற்கு இடைஞ்சலாக இருந்த மூட்டையை யாரோ மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி வரிசைக்கு வந்தபோது ஒலிபெருக்கி முழங்கியது. "குமாசியிலிருந்து, மூட்டையில எழுதியிருக்கிறபடி, செர்வா தையலகம்! ரவிக்கை பாவாடை பதினாலு ஜோடி நன்கொடை! அம்மாடி, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்!"

கைதட்டல். மேளக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். இறந்தவரின் தங்கை ஓடி வந்து செர்வாவைக் கட்டிக்கொண்டார்.

"நீ எங்க அண்ணனுக்கு என்ன வேணும்மா?"

"எனக்கு... எனக்கு அவரு யாருன்னே தெரியாதும்மா."

"கேட்டீங்களா!" என்று அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "யாருன்னே தெரியாமக் குடுக்குது!"

கைதட்டல் இரண்டு மடங்கானது.

"அம்மா, இது நிமாக்கோ ஐயா சாவுதானே?"

"இல்லியே. எங்க அண்ணன் பேரு அடோமா. வேன் டிரைவர்."

செர்வாவுக்குப் பூமி நழுவியது. அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாவு வீட்டில் அறிவித்த நன்கொடையை யார் திருப்பிக் கேட்பார்கள்? செர்வா நேராக நன்கொடை வாங்கும் மேசைக்குப் போய், ஒலிபெருக்கியில் அறிவித்த ஆளின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். அது நன்கொடை இல்லை. இன்னைக்குக் காலையில குடுக்கிறேன்னு நான் வாக்குக் குடுத்த துணி. நான் தப்பான சாவுக்கு வந்துட்டேன்."

மேளக்காரர் கையைத் தூக்கியபடியே நின்றார். முதலில் சிரித்தது இறந்தவரின் தங்கைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எங்க அண்ணனும் இப்படித்தான்மா. பயணிகளை ஏத்திக்கிட்டுத் தப்பான ஊருல கொண்டுபோய் இறக்குவான். டேய், அந்த மூட்டையை எடுத்துக் குடுங்கடா!"

மூட்டை கைக்கு வந்தது. எதுவும் கொடுக்காமல் வெளியேறுவது முறையில்லை என்று ஊர் திரும்ப வைத்திருந்த வேன் காசை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். அதையும் அந்த ஆள் அதே குரலில் அறிவித்தான்.

நீல கேட்டைக் கண்டுபிடித்தபோது சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கேட்டைத் தள்ளினாள்.

பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. மேளம் இல்லை. முற்றத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு கிழவர் அவித்த வாழைக்காயைக் கீரைக் குழம்பில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்துவிட்டது போலும். எல்லாரும் கல்லறைக்குப் போய்த் திரும்பிக் கலைந்தும் போய்விட்டார்கள். எரிந்த மோட்டார், வீங்கிய கை, போன வேன் காசு எல்லாம் வீண். திங்கட்கிழமை திரு. அன்சா சிரித்துக்கொண்டே வந்து எந்திரத்தைத் தூக்கிப் போவார்.

"ஐயா," என்றாள். "அபிராஃபி அத்தை..."

"சந்தைக்குப் போயிருக்கா. நீ யாரும்மா?"

"குமாசித் தையல்காரி. சாவுத் துணி கொண்டு வந்தேன். வர்ற வழியில லேட் ஆயிருச்சு ஐயா. காலையிலயே குடுக்கணும்னுதான்... ரொம்ப லேட் ஆயிருச்சா?"

கிழவர் கையைக் கழுவிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "லேட்டா? எங்க, பிரி பாப்போம்."

ஒவ்வொன்றாகப் பிரித்தார். தையலை விரலால் நெருடிப் பார்த்தார். மடிப்பை இழுத்துப் பார்த்தார். அபிராஃபி அத்தையின் பெரிய பஃப் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். துக்க வீட்டில் இவ்வளவு ரசனையான மனிதரா என்று செர்வாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பிரமாதம்மா. கல்லு மாதிரி தெச்சிருக்கே."

சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, முழுக் கூலியையும் அவள் கையில் வைத்தார். பேரம் இல்லை, பாக்கி இல்லை. செர்வா பணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எந்திரம் இனி எங்கேயும் போகாது. வாய் விட்டு அழ வேண்டும் போலிருந்தது. இறந்தவர் யாரோ எவரோ, அவர் புண்ணியத்தில்தானே இந்தப் பணம் என்று நினைத்தாள்.

"ஐயா, நிமாக்கோ பெரியவரை எங்க அடக்கம் பண்ணி வெச்சிருக்காங்க? போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்து மரியாதை செஞ்சுட்டுப் போறேன்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டைத் திரும்பவும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இங்கதான் தாயி, கீரைக் குழம்போட உக்காத்தி வெச்சிருக்காங்க, தையல்காரங்க இழுக்கிற இழுப்புக்கு இப்பவே துணியைக் குடுத்தாத்தான் நான் போற நேரத்துக்குக் கைக்கு வரும்னு கணக்குப் போட்டேன், நீ என்னடான்னா சொன்ன நாளுலயே கொண்டுவந்து நின்னு என்னை அவசரப்படுத்துறியே!"